கரையேறும் வரை பொறு

மேற்கிலிருந்து காற்று வந்தபோது வேலுத்தாய் பதினோராவது குடத்தை ஏலச்செடியின் தூரில் சாய்த்துக்கொண்டிருந்தாள். முதலில் பிடரியில் சில்லென்றது. அடுத்த நிமிடம் தலைக்கு மேல் நின்ற பெரிய மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து இரைந்தன. சரிவில் அங்கங்கே குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கீழ்த்தோட்டத்தில் யாரோ ஓவென்று கூவ, மேலே இருந்து இன்னொரு கூவல் பதில் சொன்னது. அவளுடைய புருஷன் ஒச்சப்பன் தோளில் இருந்த குடத்தை இறக்கி வைத்துவிட்டு, முகத்தைக் காற்றுக்குக் காட்டியபடி நின்றான்.

"மேகாத்து திரும்பிருச்சு புள்ள" என்றான்.

சொன்ன பிறகுதான் அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். அவளைப் பார்த்தான். அவள் வெறும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடைப் பக்கம் இறங்கிவிட்டிருந்தாள். மலை முழுக்கச் சந்தோஷப்படுகிற ஒரு காற்றைப் பார்த்துத் தான் மட்டும் பயப்படுகிறோம் என்பதை யாரிடமும் சொல்ல முடியவில்லை.

எண்பத்து மூன்றாம் வருடம் அது. மாசியில் பெய்ய வேண்டியது பெய்யவில்லை. சித்திரையில் இரண்டு நாள் இடி மட்டும் உறுமிவிட்டுப் போனது. போடிமெட்டைத் தாண்டி, பூப்பாறை போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த அவர்களுடைய இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டத்தில், செடியின் அடியிலிருந்து தரையோடு நீண்டு பூ வைக்க வேண்டிய சரங்கள் கருகிப்போய், தொட்டால் ஒடிந்தன. ஓடையில் மணலைத் தோண்டி, ஊறுகிற தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் கோரித்தான் குடம் நிரப்ப வேண்டும். ஒரு குடத்துக்குக் கால் மணி நேரம். எந்தச் செடிக்கு ஊற்றுவது, எதைச் சாக விடுவது என்று ஒச்சப்பன்தான் தீர்மானிப்பான். விடுகிற செடியின் பக்கம் திரும்பாமல் நடப்பான். வீடு கீழே மலையடிவாரத்தில், முந்தலில் இருந்தது. திங்கட்கிழமை ஜீப்பில் மேலே ஏறினால் வியாழனோ வெள்ளியோ இறங்குவார்கள்.

அவர்களுக்கு ஒரே மகள், சந்திரவல்லி. தேவாரத்துக்காரனான ராஜாராமுக்குக் கட்டிக் கொடுத்து மூன்று வருடம் ஆகிறது. மாப்பிள்ளைக்கு வானிலை ஆபீசில் வேலை. லட்சத்தீவில் ஒரு தீவில் போட்டிருந்தார்கள். தினமும் பெரிய பலூனில் காற்றடைத்து வானத்தில் விட்டு, அது போகிற திசையைப் பார்த்து எழுதுவதுதான் அவன் வேலை என்று கேட்டதும் முந்தலில் அவனுக்குப் 'பலூன் மாப்பிள்ளை' என்று பெயர் விழுந்துவிட்டது. கடலைப் பார்த்தே இராத வேலுத்தாய்க்கு மாப்பிள்ளையின் கடிதங்கள்தான் கடல். ஒச்சப்பன் எழுத்துக் கூட்டி வாசிக்க, ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டு அவள் மனதில் வைத்துக்கொள்வாள்.

'ஐப்பசி பாதிக்கு மேல் கடல் அடங்கும். மார்கழி, தை, மாசி மூன்று மாதமும் வடக்கிலிருந்து லேசான காற்று. இங்குள்ளவர்கள் ஓடம் என்று சொல்லும் பாய்மரக் கப்பல்கள் கொப்பரை ஏற்றிக்கொண்டு மங்களூருக்கும் கோழிக்கோட்டுக்கும் போய், அரிசி ஏற்றி வரும். பங்குனியில் காற்றே இருக்காது, பாய் தொங்கிக் கிடக்கும். சித்திரை முடிவதற்குள் ஓடங்களை எல்லாம் கரைக்கு இழுத்து ஓலை போட்டு மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு மேல்காற்று. தீவைச் சுற்றிப் பாறை வளையம் இருக்கிறது, அதில் ஒரே ஒரு வாசல். அந்த வாசலில் அலை உடைய ஆரம்பித்துவிட்டால் சர்க்கார் கப்பலே வந்து நின்றாலும் தோணி வெளியே போய் அதைத் தொட முடியாது. ஆவணி முடிகிற வரைக்கும் நாங்கள் இங்கேயே இருக்க வேண்டியதுதான் அத்தை. மற்றபடி நல்ல ஊர்.'

அந்த நல்ல ஊரில், போன வருடம் ஆடி மாதத்தில் சந்திரவல்லிக்கு வலி எடுத்தது. இரண்டு நாள் வலி. தீவில் இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் முடிந்ததை எல்லாம் செய்தார்கள். ஆபரேசன் செய்யப் பெரிய டாக்டர் வேண்டும், அவர் கொச்சியில் இருக்கிறார், நடுவில் கடல். தாயைத்தான் காப்பாற்ற முடிந்தது. தந்தியில் சொல்ல மாப்பிள்ளைக்கு மனம் வரவில்லை. ஆடியில் பிறந்து செத்த பிள்ளையைப் பற்றி வேலுத்தாய்க்குக் கடிதம் வந்து சேர்ந்தபோது புரட்டாசி ஆகியிருந்தது. இரண்டு மாதம் அவள் யாரைப் பார்த்தாலும், மகளுக்குப் பேறுகாலம் தள்ளிப் போகிறது போல என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்த வருடம் மறுபடி. வைகாசி பிறந்தபோது ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. சித்திரைக் கப்பலில் வந்திருக்க வேண்டியவள். கப்பல் பழுது பார்க்கப் போய்விட்டது. அடுத்த கப்பல் வைகாசி பத்துக்குள் வரும், கடல் விட்டால் ஏற்றி அனுப்பிவிடுகிறேன் என்று எழுதியிருந்தான் ராஜாராம். கடல் விட்டால். அந்த ஒரு வார்த்தையை அவள் ஒரு நாளைக்கு நூறு முறை மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் தோட்டத்துக் குடிசையில் கஞ்சி குடிக்கும்போது அவள் கேட்டாள்: "நீங்க மழை வரட்டும்னா வேண்டுறீக?"

ஒச்சப்பன் கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தான்.

"எதை வேண்டுறதுன்னு தெரியல. வாய மூடிக்கிட்டுத் தண்ணி சொமக்குறேன்."

காற்று மூன்று நாள் அடித்தது. மழை வரவில்லை. கப்பல் ஒத்திவைக்கப்பட்டது என்று தந்தி வந்தது. பிறகு காற்று நின்றது, ஒரு மேகமும் இல்லாமல் வானம் பழையபடி வெள்ளையாகக் காய்ந்தது. போடிமெட்டு டீக்கடையில் கொச்சி ரேடியோ வைத்திருப்பார்கள். கடைக்காரர் ஒவ்வொரு நாளும், "எடவப்பாதி வரான் தாமசமாணு சேச்சி" என்று, பருவமழை வரத் தாமதமாகும் என்பதை மலையாளத்தில் சொல்லி உதட்டைப் பிதுக்கினார். கேட்டவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். வேலுத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அதில் இருந்த நிம்மதியை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று.

வைகாசி இரண்டாம் வியாழன் அன்று ஜீப் ஓட்டும் வெள்ளைத்துரை போடித் தபாலாபீசிலிருந்து அடுத்த தந்தியை வாங்கி வந்தான். கடல் அமைதி, கப்பல் வருகிறது, அடுத்த ஞாயிறு, ஜூன் ஐந்தாம் தேதி சந்திரவல்லி கொச்சி சேருவாள். வைகாசியில் பாதி கழிந்த பிறகு கப்பல் ஓடுவது அபூர்வம் என்று பின்னால் ராஜாராம் எழுதினான். இந்த வருடம் மழை தாமதிப்பதால்தான் ஓடுகிறது. வேலுத்தாய் அதை அப்போதே புரிந்துகொண்டாள். அவளுடைய செடிகளைக் கொல்கிற அதே வெயில்தான் மகளுக்கு வழி விட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை முந்தல் பெண்கள் மழைச்சோறு எடுத்தார்கள். மழை பொய்த்தால் வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்கி, ஊர் எல்லையில் உட்கார்ந்து எல்லாரும் ஒரே பானையிலிருந்து தின்றுவிட்டு, பஞ்சம் பிழைக்கப் போகிறோம் என்று வானத்தைப் பார்த்து ஒப்பாரி வைப்பது வழக்கம். மருதாயிதான் முன்னால் வந்தாள். அறுபது வயது, தோட்டத்தில் காய் எடுப்பதில் அவள் கைக்கு ஈடு கிடையாது. அவள் பின்னால் இருபது, இருபத்தைந்து பேர். எல்லாருமே மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள். மழை இல்லையென்றால் காய் இல்லை, காய் இல்லையென்றால் சோலி இல்லை. பாதி வீடுகளில் ஒரு வேளைதான் அடுப்பு எரிந்தது.

வேலுத்தாய் ஒரு பெரிய வட்டில் நிறையச் சோறு போட்டாள். கூடவே போனாள். போகாமல் இருக்க முடியாது. எல்லைப் புளியமரத்தடியில் உட்கார்ந்து தின்றாள். ஒப்பாரி தொடங்கியது. பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். சடங்குக்கு அழ ஆரம்பித்தவர்கள் நிஜமாகவே அழுதார்கள். அவளுக்கு வாய் திறக்கவில்லை. திறந்தால் மழையைக் கூப்பிட வேண்டும். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள்.

மருதாயி பாட்டை நிறுத்தினாள்.

"என்னடி வேலு, ரெண்டு ஏக்கர் காயுது ஒனக்கு. நீ ஏன் ஊமையா ஒக்காந்திருக்க?"

"மதினி, என்னைய விட்ருங்க."

"விட முடியாது. ஒரு வாயி மூடியிருந்தாலும் மழ எறங்காது. சொல்லு, என்ன?"

அவள் சொன்னாள். தலை நிமிராமல், கப்பல், தந்தி, பாறை வாசல், ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியாக, "இன்னம் ஒம்போது நாளு. அதுவரைக்கும் என்னால மழைய வான்னு கூப்பிட முடியாது மதினி" என்றாள்.

புளியமரத்தில் காற்றுக்கூட இல்லை. பிறகு ஜக்கம்மாள் எழுந்தாள். முப்பது வயதுக்காரி, மூன்று பிள்ளைகள், புருஷன் கேரளத்தில் வேலை தேடிப் போய் இரண்டு மாதமாகத் தகவல் இல்லை.

"ஒம் மக ஒருத்திக்காக ஊரே ஒம்போது நாளு காயணுமா? எம் பிள்ளைக நேத்து ராத்திரி தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்துச்சுக. அதுக்கு எந்தக் கப்பல் வரும்?"

அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அதனால்தான் வேலுத்தாய்க்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அவள் அழுத அழுகையைப் பார்த்துக்கொண்டிருந்த மருதாயி, கையைத் தரையில் ஊன்றி எழுந்து, மரத்தின் நிழலை விட்டு வெயிலுக்குள் போனாள். மேற்கே, மலை உச்சியைப் பார்த்து நின்றாள். பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிடுவது போல் கூப்பிட்டாள்.

"ஏ மழராசா! கேட்டியா? எங்க புள்ள ஒண்ணு கடல்ல வருது. வயித்துப் புள்ளத்தாச்சி. அடுத்த ஞாயித்துக்கிழம கரையேறுறா. அதுவரைக்கும் பொறு. அவ காலு மண்ணுல பட்டதும் வெரசா வந்துரு. அதுக்கு மேல சுணங்குன, இந்த மருதாயி மேல வந்து ஒன் சட்டையப் புடிப்பேன், ஆமா!"

ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். அழுத முகங்களோடு மற்றவர்களும் சிரித்தார்கள். மருதாயி திரும்பி, "எந்திரிங்கடி, மிச்சத்த ஞாயித்துக்கிழமைக்கு மேல அழுவோம்" என்றாள். ஜக்கம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அழுக்குச் சேலையை உதறிவிட்டு முன்னால் நடந்து போனாள். அன்று வேலுத்தாய் ஜக்கம்மாள் வீட்டுக்கு ஒரு மரக்கால் கேப்பையைக் கொண்டுபோனபோது, அவள் வாசலில் நின்றுகொண்டே வாங்கிக்கொண்டாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

கப்பல் வருவதற்கு முந்தின நாள், அடுத்த வாரச் சனிக்கிழமை அதிகாலையில் ஒச்சப்பன் வெள்ளைத்துரையின் ஜீப்பில் கொச்சிக்குப் போனான். வேலுத்தாய் அவர்களோடு போடிமெட்டு வரை ஏறி, தோட்டத்துக் குடிசையில் தங்கிக்கொண்டாள். அன்று மத்தியானம் மேற்கே, மலைகளுக்கு அப்பால், அடிவானத்தில் நீலக் கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. ஞாயிறு காலையில் அந்தக் கோடு தடித்திருந்தது. காற்று மறுபடி எழுந்தது, இந்த முறை ஈரமாக. டீக்கடை ரேடியோவில் மீன்பிடிக்கப் போகிறவர்களை எச்சரித்து ஏதோ சொன்னார்கள். அவளுக்கு மலையாளம் அரைகுறையாகத்தான் தெரியும். கடைக்காரரைக் கேட்டாள். அவர் ஒரு நிமிடம் தயங்கிவிட்டு, "ஒந்நுமில்ல சேச்சி, சாதாரண வார்த்தைதான்" என்றார், எப்போதும் வருகிற செய்திதான் என்பது போல. அந்தத் தயக்கம் அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

ஞாயிறு போய்த் திங்கள் வந்தது. திங்கள் சாயங்காலம் வந்துவிட வேண்டும், வரவில்லை. மூணாறு பஸ் வந்தது, எஸ்டேட் ஜீப்புகள் வந்தன, லோடு லாரி வந்தது. ஒவ்வொன்றும் வளைவில் முகம் காட்டும்போது டீக்கடை பெஞ்சிலிருந்து எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள். மாப்பிள்ளை எழுதிய ஒவ்வொரு வரியும் திரும்பி வந்தது. பாறை வளையம். ஒரே ஒரு வாசல். அலை உடைய ஆரம்பித்துவிட்டால். கண்ணை மூடினால் அவள் பார்த்தே இராத அந்த வாசல் தெரிந்தது. பத்து வருடத்துக்கு முன் வைகை பெருக்கெடுத்தபோது பார்த்த செந்தண்ணீர்தான் அவளுக்குத் தெரிந்த பெரிய தண்ணீர். அதனால் அந்தக் கடலும் சிவப்பாகவே இருந்தது.

செவ்வாய் மதியம் வெள்ளைத்துரையின் ஜீப் வந்தது. ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தான். முன்சீட்டில் ஒச்சப்பனுக்குப் பக்கத்தில், பச்சைச் சேலையில், முகம் வெளிறிப் போய், வயிற்றின் மேல் இரண்டு கையும் வைத்துச் சந்திரவல்லி உட்கார்ந்திருந்தாள். வேலுத்தாய் ஓடவில்லை. மகள் இறங்கி வந்து அவள் முன்னால் நின்றபோது, முதலில் அவள் காலைத்தான் பார்த்தாள். வீங்கியிருந்தது. மண்ணில் இருந்தது.

"என்னம்மா, பேச மாட்டேங்கிற?"

"பேசுறேன்டி ஆத்தா. இரு. இரு, பேசுறேன்."

டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்து, சூடாகப் பால் வாங்கிக் கொடுத்தாள். கடைக்காரர் அதற்குக் காசு வாங்கவில்லை. மகள் பாதி குடித்துவிட்டுச் சிரித்தாள்.

"மூட்டைய ஏத்துற மாதிரி ஏத்துனாங்கம்மா என்னைய."

"என்னடி சொல்ற?"

"கப்பலு வந்து நின்னுச்சு, வாசல்ல அலை. ஒரு நாளு முழுக்கக் காத்துக் கெடந்தோம். மறுநாளு அவருதான் காத்த எல்லாம் பாத்துட்டு, விடிஞ்சதும் ரெண்டு மணி நேரம் அடங்கும், அதுக்குள்ள போயிரணும்னாரு. தோணியில போனோம். வாசலத் தாண்டிட்டோம். கப்பல் பக்கத்துல போனா, அது செவுரு மாதிரி நிக்குது, தோணி ஏறுது எறங்குது. கயித்து ஏணியில இந்த வயித்தோட ஏற முடியாதுன்னுட்டாங்க. மேலருந்து சாமான் தூக்குற கொக்கியில ஒரு பெரம்பு நாற்காலியக் கட்டி எறக்குனாங்க. அதுல வெச்சுக் கட்டுனாங்க என்னைய."

"மாப்ள என்ன செஞ்சாரு?"

"அலைய எண்ணிக்கிட்டு நின்னாரு. பெருசு பெருசா நாலஞ்சு போனா, சின்னதா ரெண்டு வருமாம். திடீர்னு 'இப்ப'ன்னு கத்துனாரு. தூக்கிட்டாங்க. கண்ண முழிச்சுப் பாத்தா தோணி எங்கயோ கீழ கெடக்கு." மிச்சப் பாலைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். "என்னைய நிமுந்துகூட பாக்கல. தோணி திரும்பிப் போகணும்ல, அடுத்த அலைய எண்ணிக்கிட்டிருந்தாரு."

தோணி பத்திரமாகத் திரும்பியதைக் கப்பல் நகர்வதற்குள் அவளே பார்த்துவிட்டாள். இனி ஆவணி முடிகிற வரைக்கும் அவன் அந்த வளையத்துக்குள்தான். ஒச்சப்பன் இதையெல்லாம் கொச்சியிலேயே கேட்டிருந்தான். ஆனாலும் புதிதாகக் கேட்பவன் போல் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். கடல் எப்படி இருந்தது என்று வேலுத்தாய் அவனைக் கேட்டதற்கு, "ரொம்பத் தண்ணி" என்று மட்டும் சொன்னான்.

அந்த வாரம் முந்தலில் வீட்டுக்கு வராத ஆள் இல்லை. மழையை நிறுத்தி வைத்தவள் என்று சந்திரவல்லியைக் கேலி செய்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி மழைச்சோறு எடுத்தபோது வேலுத்தாய் ஊரே கேட்கும்படி, தொண்டை கட்டும் வரை அழுதாள். மேற்கே தெரிந்த கறுப்பு வருவதும் கலைவதுமாக இருந்தது. மருதாயி ஒவ்வொரு நாளும் மலையைப் பார்த்து, "வாக்குத் தவறாத பய, வருவான்" என்று சொன்னாலும், அவள் குரலில் முந்தைய சத்தம் இல்லை. ஜக்கம்மாள் தலையைக் குனிந்துகொண்டு வேலுத்தாயின் வாசலைக் கடந்து போனாள். அது எல்லாவற்றையும்விடக் கனமாக இருந்தது.

திங்கட்கிழமை, மூன்று மணி சுமாருக்கு, மலை உச்சி மறைந்தது. வெள்ளையாக ஏதோ போடிமெட்டிலிருந்து வழிந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொன்றாக இறங்கி வருவதை ஊர் முழுக்க நின்று பார்த்தது. முதலில் மண் வாசனை வந்தது. பிறகு வீட்டுத் தகரத்தின் மேல் ஒரே நேரத்தில் ஆயிரம் கை அடித்தது.

படுத்திருந்த சந்திரவல்லி திடுக்கிட்டு எழுந்தாள். அம்மாவின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். போன ஆடியில் அந்த இரண்டு நாளும் இந்தச் சத்தம்தான் அவள் காதில் இருந்திருக்கும் என்று வேலுத்தாய்க்குப் புரிந்தது.

"பயப்படாத. இங்க மழ பேஞ்சா ரோடு நனையும், அம்புட்டுத்தான். அந்தா பாரு, பஸ்சு போகுது. அர மணி நேரத்துல போடி ஆஸ்பத்திரி."

மகள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். உண்மையாகவே பஸ் போய்க்கொண்டிருந்தது, விளக்கைப் போட்டுக்கொண்டு, சேற்றை இறைத்தபடி. அது வளைவில் மறையும் வரை பார்த்தாள். பிடி மெல்லத் தளர்ந்தது.

ஒச்சப்பன் அன்று மேலே தோட்டத்தில் இருந்தான். மறுநாள்தான் இறங்கி வந்து, "பாதி போச்சு, பாதி தளுத்துரும்" என்று சொல்லப் போகிறான். இப்போது தெருவில் ஆட்கள் குடம், சட்டி, அண்டா என்று கையில் கிடைத்ததை எல்லாம் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தார்கள். ஜக்கம்மாளின் மூன்று பிள்ளைகளும் அம்மணமாக ஓடின. மருதாயி நடுத்தெருவில் நின்று மழையைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தாள்.

சந்திரவல்லி எழுந்து வாசலுக்குப் போனாள். வேண்டாம், வழுக்கும் என்று வேலுத்தாய் சொல்வதற்குள் படியிறங்கிவிட்டாள். மலையிலிருந்து வந்த தண்ணீர் தெருவோரமாகச் செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, வீங்கிய கால் இரண்டையும் அதற்குள் வைத்தாள். தண்ணீர் கணுக்காலில் மோதி, இரண்டாகப் பிரிந்து, அவளைச் சுற்றிக்கொண்டு போடிப் பக்கம் போயிற்று. சருகும் சுள்ளியும் வந்து காலில் ஒரு கணம் தங்கி விலகின. அவள் குனிந்து அதையே பார்த்துக்கொண்டு, அசையாமல் நின்றாள்.